கொல்லை வாசல் நிலை இத்துப்போச்சு: ஒட்டுப் போடுவதா, முழுசா மாற்றுவதா?

திண்ணைவாசி

1978இல் கட்டிய வீடு, கும்பகோணம் பக்கம். 9 அங்குலச் செங்கல் சுவர். கொல்லைப்புறக் கதவின் நிலை நாட்டுமரம். என்ன மரம் என்று தெரியவில்லை, அத்தனை கோட் பெயிண்ட். வெளி அளவு 3½ அடிக்கு 7 அடி, சட்டம் 4க்கு 3 அங்குலம். கீழே படிச்சட்டம் கிடையாது. இரண்டு கால்களும் மொசைக் தரைக்குள் இறங்குகின்றன.

இடது காலில் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை ஸ்க்ரூடிரைவர் சாதம் மாதிரி உள்ளே போகிறது. கீல் இந்தப் பக்கம்தான். வலது கால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் கேட்கிறது. கதவு தேக்குப் பலகை, நன்றாக இருக்கிறது, அதை விட மனசில்லை.

கெட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாமா? முழுசா எடுத்தால் மேல் சுவர் விரிசல் விடுமா? மரமா, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூபிசியா?

---

மூலமட்டம்

முதல்ல தின்னது எதுன்னு பாருங்க. உள்ளே ஈர மண்ணு அப்பின மாதிரி இருந்தா கரையான். குண்டூசி ஓட்டையிலேர்ந்து மைதா மாதிரி மாவு கொட்டினா உளு, அதாவது வண்டு. ரெண்டும் இல்லாம மரம் பழுப்பாகி கட்டம் கட்டமா உதிர்ந்தா வெறும் ஈரம் தின்னது. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

அடுத்தது, ஒரு அடிதான் போச்சுன்னு நம்பாதீங்க. பெயிண்டுக்கு மேலே குத்திப் பார்த்தா சரியாத் தெரியாது. 6 இன்ச்சுக்கு ஒரு இடமா, சட்டத்தோட சுவர் ஓரத்துல, பூச்சும் மரமும் சேருற கோட்டுல மெல்லிய உளியை இறக்கிப் பாருங்க. கரையான் முகப்பை விட்டுட்டு முதுகுப் பக்கமாத்தான் ஏறும். கீல் ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டுங்க. பிடிக்காம சுத்துச்சுன்னா அங்கேயும் போயிடுச்சு.

ஒன்றரை அடிக்குள்ள நின்னா ஒட்டுப் போடலாம். கால் மொத்தம் 3 இன்ச்னா பாதிக்குப் பாதி, ஒன்றரை இன்ச் ஆழத்துக்கு, 6 இன்ச் நீளத்துக்கு மேலேயும் கீழேயும் அரைப்பொருத்து வெட்டணும். பொருத்தோட வெளிவாய் வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாஞ்சிருக்கணும், தண்ணி உள்ளே நிக்கக்கூடாது. எபாக்சி பசை, ரெண்டு துருப்பிடிக்காத ஸ்க்ரூ. கெட்ட மரத்தோட எல்லைக்கு மேலே இன்னும் 6 இன்ச் நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டணும், அந்த மனசு வராம பாதியில நிறுத்தினா ரெண்டு வருஷத்துல அதே இடம்.

உங்க கேஸ்ல ஒரு சிக்கல். கீழ்க் கீல் தரையிலேர்ந்து 10 இன்ச் சுமாருக்கு இருக்கும். ஒட்டு அதுக்கு மேலே போய் முடியும். தேக்குக் கதவு எடை முழுக்க ஒட்டுத் துண்டு மேல விழும். ஜன்னல் நிலையா இருந்தா ஒட்டச் சொல்லுவேன். கீல் கால்ல ஒட்டு எனக்குப் பிடிக்காது.

---

ரசமட்டம்

மூலமட்டம் மரத்தைச் சொல்லிவிட்டார், நான் சுவரைச் சொல்கிறேன். நிலை மாற்றும் வேலையில் தச்சு கால் பங்கு, மீதி கொத்து வேலை. பலர் ஆசாரியிடம் மட்டும் பேசி முடித்துவிட்டு, இடிக்கும் நாளில் கொத்தனாரைத் தேடுவார்கள்.

நிலையைத் தொடுமுன் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மேல்சட்டத்துக்கு நேர் மேலே, நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பாருங்கள். நான்கில் ஒன்று தெரியும்.

காங்கிரீட் லிண்டல், அதாவது வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை, தெரிந்தால் நிம்மதி. அது இருபுறமும் நிலையைத் தாண்டிக் குறைந்தது 6 அங்குலம் சுவரில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஓரங்களிலும் பாருங்கள்.

செங்கல் வளைவு தெரிந்தாலும் பயமில்லை, வளைவின் கால் பகுதியில் சம்மட்டி அடிக்காதவரை.

மரப் பலகை தெரிந்தால் அதையும் குத்திப் பாருங்கள். பழைய வீடுகளில் நிலைக்கு மேல் இரண்டு மூன்று பலகைகளைக் கிடத்தி அதன் மேல் சுவரை எழுப்பியிருப்பார்கள். கரையான் நிலை வழியாக அதற்கும் ஏறியிருக்கும்.

ஒன்றுமே இல்லாமல் நேராகச் செங்கல் தெரிந்தால், நிலைதான் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எடுத்தவுடன் முக்கோணமாக ஒரு பகுதி கல் சரியும். அப்படியானால் மேல்சட்டத்துக்கு ஒரு அடிக்கு மேலே, இரண்டு அடி இடைவெளியில் சுவரைத் துளைத்து இரண்டு கட்டைகளைக் குறுக்கே விட்டு, இருபுறமும் ஜாக்கி கொடுத்து முட்டுப் போட வேண்டும். பிறகு தரையில் வார்த்து 14 நாள் தண்ணீர் காட்டிய லிண்டலை ஏற்ற வேண்டும். உங்கள் 3½ அடி வாசலுக்கு 4½ அடி நீளம், 9க்கு 6 அங்குலம். அடியில் 10 மி.மீ. கம்பி மூன்று, மேலே 8 மி.மீ. இரண்டு, 6 அங்குலத்துக்கு ஒரு வளையம். எடை 120 கிலோ வரும், ஆகவே நான்கு பேர் இல்லாமல் தூக்க வேண்டாம்.

மாடியின் உத்தரமோ பீமோ அந்த வாசலுக்கு மேல் வந்து உட்கார்ந்தால், அது இணையத்தில் கேட்டுச் செய்யும் வேலை அல்ல. பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.

---

திண்ணைவாசி

கொத்திப் பார்த்தேன். 4 அங்குலக் காங்கிரீட் லிண்டல் இருக்கிறது, இருபுறமும் 6 அங்குலத்துக்கு மேல் போகிறது. தின்றது கரையான்: மண்தான், மாவு இல்லை. உளியை இறக்கியதில் இடது கால் முதுகுப் பக்கம் இரண்டே கால் அடி வரை ஓட்டை. வலது காலிலும் அடியில் 4 அங்குலம் மெத்தென்று இருக்கிறது.

---

மூலமட்டம்

அப்ப பேச்சே இல்ல, முழு நிலையையும் எடுத்துடுங்க.

---

புற்றுமண்

எடுத்த அன்றே புது நிலையை நட்டுவிடாதீர்கள். கரையானுக்கு நிலை சாப்பாடு மட்டும்தான். வீடு மண்ணுக்குள் இருக்கிறது. புது மரம் வைத்தால் புது இலை போட்டுப் பரிமாறிய கதை.

பழைய கால்களை எடுத்ததும் தரையில் இரண்டு குழி கிடைக்கும். அந்த வாய்ப்பு அடுத்த நாற்பது வருஷத்துக்கு வராது. குழியை மண் தெரியும்வரை சுத்தம் செய்து, மண் ஓடைகளைச் சுரண்டிவிட்டு மருந்து ஊற்றுங்கள். குளோர்பைரிபாஸ் 20 சதவீத ஈசி (தண்ணீரில் கலக்கும் திரவம்) என்றால் 1 லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர், அப்போதுதான் 1 சதவீதக் கரைசல் வரும். இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீதம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி, வாசனை குறைவு, வீட்டுக்குள் நான் இதைத்தான் சொல்வேன். குழிக்குப் பத்து லிட்டர் என்று ஒரேயடியாகக் கவிழ்க்காமல், ஊறட்டும் என்று விட்டு விட்டு ஊற்ற வேண்டும்.

அதோடு வாசலின் இருபக்கமும் 5 அடி தூரத்துக்குச் சுவரும் தரையும் சேரும் கோட்டில் அடிக்கு ஒரு துளை, 12 மி.மீ. பிட்டில், தரைக் காங்கிரீட்டைத் தாண்டி மண்ணைத் தொடும்வரை. துளைக்கு 1 லிட்டர். பிறகு வெள்ளை சிமெண்டால் அடைப்பு. மொசைக் என்பதால் துளை வாயில் சில்லு பெயராமல் இருக்க, முதலில் 6 மி.மீ. பிட்டில் சுத்தியல் விசையை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கையுறை, முகக்கவசம் கட்டாயம். கொல்லையில் கிணறோ அடிபம்போ பக்கத்தில் இருந்தால் வெளிப்புற மண்ணில் ஊற்றாதீர்கள். உள்பக்கத் துளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் பூச்சிமருந்து ஆளை வைத்துப் பார்த்த பிறகு.

இன்னொன்று. ஒட்டியிருக்கும் சுவரில் குளியலறைக் குழாய் கசிந்தால் எந்த மருந்தும் நிற்காது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

---

ரசமட்டம்

ஈரத்துக்கு நான் சொல்கிறேன். கொல்லை வாசலுக்கு மூன்று இடம். சன்ஷேடின் அடிவிளிம்பில் தண்ணீர் சொட்டிவிடக் காடி வெட்டியிருக்கிறதா? இல்லையென்றால் மழைநீர் அடிப்பாகத்தில் ஒட்டி ஓடி வந்து நிலை மேல்தான் இறங்கும். வெளிப்படியின் மேல்மட்டம் உள் தரையைவிட ஒரு அங்குலமாவது தாழ்ந்திருக்கிறதா? அது வெளிநோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிகிறதா? மூன்றும் சரியாக இருந்தால், மிச்சம் வீட்டைக் கழுவிவிடும் தண்ணீர் மட்டும்தான். அதற்கும் மருந்து உண்டு, கீழே வருகிறேன்.

---

கதவுக்காரன்

மரமா டபிள்யூபிசியா என்று கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லையே. கரையான் தொல்லை உள்ள இடத்தில் இன்னும் மரம் வைப்பது பிடிவாதம். டபிள்யூபிசி சட்டம் 4க்கு 2½ கெட்டிச் சட்டமாகவே கிடைக்கிறது. இத்துப்போகாது, கரையான் தொடாது, பெயிண்டும் வேண்டாம்.

---

மூலமட்டம்

குளியலறைக்கு வையுங்க, நானே வெச்சுக் கொடுப்பேன். ஆனா தேக்குப் பலகைக் கதவு எடையைக் கேட்டுக்கங்க. டபிள்யூபிசியில ஸ்க்ரூ பிடிமானம் நல்ல மரத்து அளவுக்கு இல்ல. ஒரு தடவை ஸ்க்ரூ புரண்டா அந்த ஓட்டை செத்துது. மேற்கு வெயில் நேரா அடிக்கிற வாசல்னா சூட்டுல இளகி, கீல் பக்கம் வில்லு மாதிரி வளையும். லேசான பிவிசி கதவுக்கு அது போதும். இந்தக் கதவுக்கு ஆகாது.

இரும்பு நிலையும் உண்டு, 1.25 மி.மீ. தகடு மடிச்சது. புதுச் சுவர் கட்டும்போது வெச்சா அருமை. பழைய கதவுக்குப் பொருத்தினா கீல் இடம் ஒத்துவராது. கடலோரம்னா அடிப்பக்கம் துரு ஏறும்.

மரம்னா என் வரிசை: வைரம் பாய்ஞ்ச தேக்கு, வேங்கை, அப்புறம் வேம்பு. தேக்குன்னு பேர் சொன்னா மட்டும் போதாது. ஓரத்துல வெளுத்த பட்டை தெரிஞ்சா அது வெளிமரம், அதைக் கரையான் ஆசையாத் தின்னும். வேங்கை உறுதி, ஆனா ஈரம் பட்டா மஞ்சளும் பழுப்புமா சாயம் விடும். பின்பக்கம் தார் பூசாம வெச்சா சுண்ணாம்புச் சுவர் முழுக்கக் கறை. வேம்பு காயாம வந்தா முறுக்கும், அறுத்து ஒரு வருஷமாவது நிழல்ல கிடந்ததா இருக்கணும்.

பழைய வீடு இடிக்கிற இடத்துல கிடைக்கிற நிலைச் சட்டத்தை யாரும் யோசிக்கிறதில்ல. காரைக்குடிப் பக்கம் பழைய பர்மா தேக்கு இன்னும் கடைகள்ல வருது. அதுக்கு மேலே காய வேண்டியதே இல்ல. ஆணி இருக்கான்னு காந்தம் விட்டுப் பார்த்துட்டு இழைப்புக்குக் கொடுங்க, இல்லேன்னா பட்டறைக்காரர் பிளேடு போனதுக்கும் சேர்த்துக் கேட்பார்.

கணக்கு இதோ: ரெண்டு கால் 14 அடி, மேல்சட்டம் 3½ அடி, ஆக 17½ அடி. 4 × 3 × 17½ ஐ 144ஆல வகுத்தா 1.46 கன அடி. ஒன்றரை கன அடின்னு சொல்லி வாங்குங்க. 4க்கு 3ங்கிறது இழைக்கிறதுக்கு முந்தியா பிந்தியான்னு கடையிலேயே கேட்டுடணும். இழைச்சா அகலத்துலயும் தடிமன்லயும் கால் கால் இன்ச் போகும்.

---

திண்ணைவாசி

மேல்சட்டத்தில் இருபுறமும் கொம்பு நீட்டுவார்களே, அந்த அளவு சேர்க்க வேண்டாமா?

---

மூலமட்டம்

கொம்பு சுவர் கட்டும்போதே நிலை நிறுத்தினாத்தான். நின்ன சுவர்ல கொம்போட நிலையை எப்படி உள்ளே விடுவீங்க? சுவரை உடைச்சாத்தான் உண்டு. கொம்பில்லாம, மேல் மூலையில துளையும் நாக்குமாக் கோர்த்து, மூங்கில் ஆணி அடிச்சா போதும்.

---

ரசமட்டம்

எடுக்கும் முறை. கதவைக் கழற்றி, சாய்த்து வைக்காமல் படுக்க வைத்துவிடுங்கள். நிலையைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளிப் பூச்சில் கட்டர் மெஷினால் கோடு வெட்டுங்கள், உள்ளும் வெளியும். இதைச் செய்யாமல் கடப்பாரை போட்டால் பூச்சு வாசலைச் சுற்றி இரண்டு அடிக்குப் பெயர்ந்து வரும். பெரும்பாலும் கூலி அதிகமாவது இங்கேதான்.

பிறகு ஒவ்வொரு காலையும் நடுவில் சாய்வாக அறுத்து இரண்டு துண்டாக்குங்கள். நேராக அறுத்தால் ரம்பம் சிக்கிக்கொள்ளும். அறுத்த இடத்தில் கடப்பாரையை நுழைத்து வாசலின் நடுவை நோக்கி இழுத்தால் நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்ப் தெரியும், அதைக் கட்டரால் வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். பிடுங்கினால் கூடவே மூன்று கல் வரும். மேல்சட்டம் கடைசி. கொம்பைச் சுவர் ஓரத்தில் அறுத்துவிட்டு, உள்ளே இருக்கும் துண்டை உளியால் தோண்டி எடுத்துவிடுங்கள். "உள்ளதானே கிடக்கு" என்று விட்டால் கரையானுக்கு அது இருப்பு.

திறப்பு இப்போது புது நிலையைவிட இருபுறமும் அரை முதல் முக்கால் அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். அதிகமாகப் பெயர்ந்த இடத்தில் செங்கல் துண்டு வைத்து 1:4 சிமெண்ட்-மணல் கலவையில் முதலிலேயே கட்டிவிட்டு, மூன்று நாள் ஆறவிட்டுப் பிறகு நிலை. ஒன்றரை அங்குல இடுக்கை வெறும் கலவையால் அடைத்தால் காய்ந்து சுருங்கிப் பிளக்கும்.

---

மூலமட்டம்

நிறுத்துறது என் பாடு.

நிலையைத் தரையில கோர்த்ததும் மூலைக்கு மூலை டேப் பிடிச்சா ரெண்டும் 2 மி.மீ.க்குள்ள ஒத்து வரணும். அடியிலயும் நடுவுலயும் குறுக்குச் சட்டம் ஆணி அடிச்சுக்கங்க. இந்த நடுச் சட்டத்தைப் பாதிப் பேர் அடிக்கிறதில்ல. கலவை அடைச்சதும் கால் நடுவுல உள்வாங்கும், அப்புறம் கதவு நடுவுல உரசுதுன்னு கதவை இழைப்பாங்க.

சுவரைத் தொடுற முதுகுப் பக்கத்துக்கு ரெண்டு கோட் தார். கால் அடிமுனைக்கு மூணு கோட், அந்த வெட்டுவாய்தான் தண்ணியை உறிஞ்சுற வாய்.

ரெண்டு கால் அடியிலயும் 20 மி.மீ. கிரானைட் துண்டு வைங்க. தரைக்குழியைக் காங்கிரீட் போட்டு மூடி, அதுமேல கிரானைட், அதுமேல கால். துண்டு காலைவிட ஒரு நூல் கூட வெளியே நீட்டக்கூடாது, நீட்டினா அதுவே தண்ணித் தட்டு. தரைக்குள்ள மரம் இறங்கவே கூடாது. வீடு கழுவினாலும் கவலையில்ல. ரசமட்டம் கீழே வரேன்னாரே, அவர் சொல்ல வந்ததும் இதுவாத்தான் இருக்கும்.

தூக்குக்குண்டு முதல்ல கீல் காலுக்கு, ரெண்டு முகத்துலயும். அதை முடிச்சுட்டு மேல்சட்டத்துக்கு ரசமட்டக் கருவி வெச்சு மட்டம் பாருங்க, கடைசியா அடுத்த கால். மூலைக்கு மூலை ரெண்டு நூல் கட்டுங்க. நடுவுல ரெண்டும் தொட்டும் தொடாம போகணும். இடைவெளி விட்டா நிலை முறுக்கி நிக்குது, தூக்குக்குண்டு சரின்னு சொன்னாலும் கதவு ஒரு மூலையில உட்காராது.

ஆப்பு ஜோடி ஜோடியா, எதிரெதிரா. கீல் வர்ற இடத்துக்குப் பின்னாடி ஆப்பு இல்லாம விடாதீங்க.

---

கதவுக்காரன்

ஆப்பு வைத்ததும் பியு ஃபோம் (ஊதி இடுக்கை நிரப்பும் பாலியூரித்தேன் நுரை) அடித்துவிட்டால் அரை மணியில் வேலை முடிந்தது. கலவை, கிளாம்ப், ஏழு நாள் தண்ணீர் எல்லாம் எதற்கு?

---

ரசமட்டம்

ஃபோம் இடுக்கை நிரப்பும், எடையைத் தாங்காது. நாற்பது கிலோ கதவு தினமும் பத்து முறை அறைந்து சாத்தினால் ஃபோம் மட்டும் வைத்த நிலை ஒரு வருஷத்தில் ஆடும். ஊதும்போது காலை உள்ளே தள்ளும். கரையான் அதற்குள் வழி குடையும். அதைத் தின்னாது, ஆனால் குடையும். இந்த இடத்துக்கு அது வேண்டாம். உள்ளறையில், நங்கூர ஸ்க்ரூவும் போட்ட பிறகு ஃபோம் என்றால் ஆட்சேபம் இல்லை.

பிடிமானத்துக்கு இரண்டு வழி. ஒன்று கிளாம்ப்: காலுக்கு மூன்று, கீழிருந்து ஒரு அடி, நடு, மேலிருந்து ஒரு அடி. சுவரில் 4 அங்குல அகலம், 6 உயரம், 12 நீளத்துக்குக் குழி தோண்டி 1:3:6 (சிமெண்ட், மணல், ஜல்லி) காங்கிரீட் இட வேண்டும். குழியை முதலில் நனைக்காவிட்டால் செங்கல் தண்ணீரை இழுத்துக் காங்கிரீட் பொடியாகும். இன்னொன்று 10 மி.மீ. நைலான் உறை போட்ட நீள ஸ்க்ரூ, 160 மி.மீ. 3 அங்குலச் சட்டமும் இடுக்கும் போக 60 மி.மீ.க்கு மேல் செங்கலில் போகும். சாந்து வரியில் துளைக்காமல் கல்லின் நடுவில் துளையிடுங்கள், சுத்தியல் விசை இல்லாமல். இரும்பு விரிபோல்ட் இந்தப் பழைய கல்லின் ஓரத்தைப் பிளந்துவிடும்.

சுவர் பழசு, காரை உதிர்கிறது என்றால் கிளாம்ப்தான்.

பிறகு இடுக்கில் 1:3 கலவை, கெட்டியாகக் குழைத்து, ஒரு நாளில் பாதி உயரம்வரை, மறுநாள் மீதி. முதல்முறையே மேலேவரை அடைத்தால் ஈரக் கலவையின் எடை ஆப்பை நகர்த்தும். பூச்சு ஒட்டும் இடத்தில் கோழிவலையை நான்கு அங்குல அகலத்துக்குப் பழைய பூச்சின் மேலும் ஏற்றி அடித்துப் பூசுங்கள். மரமும் பூச்சும் சேரும் கோட்டில் கரண்டி முனையால் ஒரு காடி விடுங்கள். அந்தக் கோடு எப்படியும் விரியும். காடி விட்டால் நேராக விரியும். அதில் பெயிண்டர் சீலண்ட் அடித்துவிடுவார்.

---

திண்ணைவாசி

நன்றி. கடைசியாக ஒன்று: பழைய கதவு புது நிலைக்குச் சரியாக உட்கார என்ன அளவு கொடுக்க வேண்டும்? வீட்டில் அம்மா, வாசலுக்குப் படிச்சட்டம் வைத்து மஞ்சள் பூச வேண்டும் என்கிறார்கள்.

---

மூலமட்டம்

கதவை அளந்துட்டு நிலையைச் செய்யணும், நிலையைச் செஞ்சுட்டுக் கதவை இழைக்கக் கூடாது. கதவோட அகலத்தை மேல், நடு, கீழ் மூணு இடத்துல எடுங்க, பெரிய அளவைப் பிடிச்சுக்கங்க. அதோட 6 மி.மீ. கூட்டினது நிலையில கதவு உட்கார வெட்டுற காடிக்குக் காடி அளவு. காடி ஆழம் அரை இன்ச், அகலம் கதவு தடிமனோட 2 மி.மீ. கூட. உயரத்துக்கு மேலே 3 மி.மீ., கீழே தரையிலேர்ந்து 6 மி.மீ. பழைய கதவுல கீல் வெட்டு ஏற்கெனவே இருக்கு. அந்த இடத்தைக் கதவை நிலையில நிறுத்தி நேரா நிலைக்கு மாத்திக் குறிச்சுக்கங்க, டேப்பை நம்பாதீங்க. நாலு இன்ச் கீல் மூணு, ரெண்டு போதாது. கலவை அடைச்சு ஏழு நாள் கழிச்சுத்தான் கதவு மாட்டணும்.

படிச்சட்டம் பத்தி: கொல்லை வாசலுக்கு மரப் படி வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தண்ணி விட்டுக் கழுவி மஞ்சள் பூசினா அதுதான் முதல்ல இத்துப்போற சட்டம். ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரே நீளக் கிரானைட்டா, வெளிப்பக்கம் லேசாச் சாய்ச்சுப் போடச் சொல்லுங்க, தரையைவிட அரை இன்ச் உயரமா. அந்தக் கல்லுல மஞ்சள் நல்லாவே பிடிக்கும். கதவோட அடியை மட்டும் அந்த அரை இன்ச்சுக்குக் குறைச்சு இழைக்க வேண்டி வரும், அதை அளவு எடுக்கும்போதே ஆசாரிகிட்ட சொல்லிடுங்க.

---

ரசமட்டம்

அந்தக் கல்லையும் காலுக்கு அடியில் வரும் துண்டுகளையும் ஒரே கல்லாக, 3½ அடி நீளத்துக்கு வெட்டி வாங்கிவிடுங்கள். அப்போது மேல்மட்டம் ஒன்றாகிவிடும், கால்கள் கல்லின் மேலேயே நிற்கும், இணைப்பு இடுக்கு கிடையாது. ஆனால் நிலையின் உயரத்தைக் கல்லின் தடிமன் போகக் கணக்கிடுங்கள். 20 மி.மீ. கல், அதில் அரை அங்குலம் தரைக்கு மேல் என்றால், கால் 7 அடியில் அரை அங்குலம் குறையும். ஆசாரி மரத்தில் கைவைக்கும் முன்பே கல்லை வாங்கி இடத்தில் பதித்துவிட்டு, லிண்டலின் அடியிலிருந்து கல்லின் மேல்வரை நேரில் அளந்து கொடுங்கள்.